பென்ஷன்காரர் வரிசையில் ஒரு நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தபால் துறையில் 38 வருஷம் வேலை பார்த்து, 2018இல் சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன். திருவாரூர் மாவட்டத்துக்காரன். விவாகரத்து பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். ஐ.டி. கம்பெனி, செல்போன், ஈகோ, விட்டுக்கொடுக்காத தலைமுறை என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வழக்குகளுக்கு வக்கீல் ஃபீஸ் கட்டுவது யார், கோர்ட் வராந்தாவில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மணியார்டர் கவுன்டர். மாதம் பிறந்தால் ஐந்தாறு மணியார்டர் ஒரே மாதிரி வரும். தொகை 150 அல்லது 200. செய்தி எழுதும் துண்டில் 'ஜூன் மாத ஜீவனாம்சம்' என்று மட்டும் இருக்கும். சௌக்கியமா என்றுகூட இருக்காது. அந்தக் காலத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. 2001இல்தான் அதை எடுத்தார்கள். கைநாட்டு வைத்துப் பணம் வாங்கும் ஒரு அம்மாள், ரூபாயை எண்ணுவதற்கு முன்னால் அந்தத் துண்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொள்வார். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "கோர்ட்டுல கேட்டா காட்டணும் சார். அவரு அனுப்பாத மாசத்துக்குத் துண்டு இருக்காதுல்ல" என்றார். எது ஆதாரம் என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தெட்டு வருஷம் முத்திரை குத்திய எனக்கு, என் வீட்டுக்கு வழக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை.

என் மகளுக்கு 2015இல் கல்யாணம். 2020 கடைசியில் மூன்று வயதுக் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். தப்பு யார் மீது என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். எழுதினால் நான் என் பெண் பக்கம்தான் சாய்வேன். இரண்டு வருஷம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசினார்கள், காபி குடித்தார்கள், 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று கலைந்தார்கள். 2022இல் ஒரு வக்கீலைப் பார்த்தோம். நோட்டீஸ் அனுப்பினார். அது 'வாங்க மறுப்பு' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த இரண்டு வார்த்தையை எத்தனை கவர்களின் முதுகில் என் கையால் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். வக்கீல் குமாஸ்தா சிரித்தார். "சார், வாங்க மறுத்தா கிடைச்சதாத்தான் அர்த்தம். போஸ்ட்மாஸ்டருக்கு நான் சொல்லணுமா?" நாங்கள் எழுதும் குறிப்பு கோர்ட்டில் என்ன வேலை செய்கிறது என்று சர்வீஸ் முழுக்க எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்தது நகை. கல்யாணத்துக்குப் போட்ட நகையை ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆரம், நெக்லஸ், ஆறு வளையல், ஒட்டியாணம், எடை, கடை, பில் நம்பர் எல்லாம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். பெண்ணை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்ற எண்ணம். அங்கே இருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நகை உங்களோடது இல்லைங்க, பொண்ணோடது. அவங்க வந்து கேக்கணும்" என்றார். ரசீது என் பெயரில், கடன் என் தலையில், இதென்ன நியாயம் என்று கத்திவிட்டு வந்தேன். அவர் சொன்னதுதான் சரி. 2024 ஆகஸ்டில் தெலங்கானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதையேதான் சொன்னது. சீதனம் பெண்ணுக்கே சொந்தம். அவள் நன்றாக இருக்கும்போது, அவள் சார்பில் கேட்கிறேன் என்று அப்பாகூட உரிமை கொண்டாட முடியாது. அன்றைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

வழக்கு போட்ட பிறகு பதினான்கு மாதம் வாய்தா வாய்தாவாகப் போனது. வக்கீலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக 65,000 ரூபாய் கொடுத்திருந்தேன். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அது நூறில் ஒரு கட்டு. ஒருநாள் கோடையில், மாத்திரை போடத் தண்ணீர் தேடி கோர்ட் வளாகத்தில் ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று போர்டு. நான் அதுவரை அதை ஜெயிலில் இருப்பவர்களுக்கு வக்கீல் கொடுக்கிற இடம் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு பெண் சட்டத் தன்னார்வலர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "யாருக்கு சார் கேஸ்?" என்று கேட்டார். மகளுக்கு என்றேன். "பெண்களுக்கு வக்கீல் இலவசம் சார். வருமானம் எவ்வளவுன்னு பார்க்கவே மாட்டோம்" என்றார்.

இந்த ஆணைக்குழுவுக்கான 1987ஆம் வருஷத்துச் சட்டத்தில் 12ஆம் பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. நான் அந்தச் சட்டம் வந்தபோது முப்பது வயதுக்காரன். தினமும் காலையில் பேப்பர் படித்துவிட்டுத்தான் கவுன்டரைத் திறப்பேன்.

இலவச வக்கீல் என்றால் ஒழுங்காக நடத்த மாட்டார் என்று என் மச்சினர் பயமுறுத்தினார். எங்களுக்கு வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். ஸ்கூட்டியில் மூச்சு வாங்க வருவார், சில நாள் தாமதமாகவே வருவார். ஆனால் கட்டை முழுக்கப் படித்திருந்தார். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, கட்டைத் திரும்பப் பெறவே மூன்று வாரம் ஆனது. அப்புறம் அவர் முதலில் கேட்டது, "சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் இரண்டு பக்கமும் தாக்கல் பண்ணியாச்சா?" என்றுதான். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், ஜீவனாம்சம் கேட்கிறவரும் கொடுக்க வேண்டியவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணமாக எழுதித் தர வேண்டும், ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பதினான்கு மாதமாக எங்கள் கட்டில் அந்தப் பத்திரமும் இல்லை, இடைக்கால ஜீவனாம்சம் கேட்கும் மனுவும் இல்லை. அதாவது அத்தனை மாதத்துக்கும் மகளுக்கும் பேத்திக்கும் சோறு போட்டது என் பென்ஷன். அதில் கணவர் பங்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை சும்மாவே கிடந்தது.

பத்திரங்கள் தாக்கலானதும் வழக்கு சமரச மையத்துக்குப் போனது. அந்த நாளை மறக்க மாட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே. வெளியே இருந்தது ஒரே ஒரு பெஞ்ச். இந்த முனையில் நானும் என் மனைவியும், அந்த முனையில் சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும், நடுவில் மூன்று ஆள் உட்காரும் இடம் காலியாக. சம்பந்தி மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். நோட்டீஸ் போனதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் மனைவி பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றினாள். என்ன தோன்றியதோ, இன்னொரு டம்ளரிலும் ஊற்றிக் காலி இடத்தில் வைத்தாள். சம்பந்தி எடுத்துக்கொண்டு, "சர்க்கரை போட்டிருக்கா?" என்றார். இல்லை என்றேன். "உங்களுக்குமா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் மெட்ஃபார்மின் பற்றிப் பேசினோம். கடைசியில்தான் கேட்டார்: "பாப்பா எத்தனாவது படிக்கிறா?"

பேத்தி எந்த வகுப்பு என்பதே தாத்தாவுக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குக் குழந்தையைப் பார்க்கும் நேரம் என்று எல்லா உடன்படிக்கையிலும் எழுதுகிறார்கள். தாத்தா பாட்டிக்கென்று தனியாக ஒரு வரியும் சட்டத்தில் இல்லை. அந்த இளம் வக்கீலிடம் சொன்னேன். "நீங்களே ஒத்துக்கிட்டா எழுதிடலாமே சார்" என்றார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை குழந்தை அப்பாவைப் பெற்றவர்களோடு இருக்கலாம் என்று ஒரு வரி, பரஸ்பர சம்மத மனுவில் ஒன்பதாவது பாராவாகச் சேர்ந்தது. அதைப் படித்துக் காட்டியபோது சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் என்னை முறைத்தாள். இன்றைக்கும் அந்த ஞாயிறுகளில் அவளுக்கு என் மேல் கோபம்தான்.

சம்மத மனு போட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம், பிரிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகி, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்து, இனிச் சேர வழியே இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொல்லிவிட்டது. நாங்கள் அதற்கு மனு கொடுத்தோம், கிடைத்தது. 2024இல் தீர்ப்பு வந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கதையில் இன்னொரு ஓட்டையை மூடியது வக்கீல் இல்லை, எங்கள் பென்ஷனர் சங்கத்துப் பொருளாளர். தீர்ப்பு வந்த மாதம் மகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எப்போ மனு போட்டீங்க? தேதி இருக்கா?" என்று கேட்டார். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களின் மணமுறிவு பெற்ற மகளுக்கு, 25 வயது தாண்டியிருந்தாலும், பெற்றோர் இருவரும் காலமான பிறகு குடும்ப பென்ஷன் உண்டு. மறுமணம் செய்யாமல் இருக்க வேண்டும், சொந்த வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. ஆனால் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து ஆகியிருக்க வேண்டும். 2017 ஜூலையில் இதைக் கொஞ்சம் தளர்த்தி, மனு அவர்கள் காலத்திலேயே போடப்பட்டிருந்தால் போதும், தீர்ப்பு பிறகு வந்தாலும் சரி என்று உத்தரவு போட்டார்கள். எனக்கு 2021இல் ஸ்டென்ட் வைத்தது. என் மனைவிக்கும் உடம்பு சரியில்லை. 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று நாங்கள் காபி குடித்த அந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், என் பெண் அந்தக் கணக்கிலேயே வந்திருக்க மாட்டாள். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர் ஒருவருக்கும் இது தெரியாது. இப்போது குடும்ப விவரப் படிவத்தில் அவள் பெயருக்கு நேரே எழுதிக் கொடுத்து, தீர்ப்பு நகலையும் இணைத்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறேன்.

என் மகள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, என்னோடு வேலை பார்த்த ஒரு போஸ்ட்மேனின் மனைவி வீட்டுக்கு வந்தார். 64 வயது. ஓய்வுக்குப் பிறகு கணவர் குடிக்கிறார், கை நீட்டுகிறார், பென்ஷன் பணத்தில் ஒரு பைசா தருவதில்லை. "முப்பத்தொம்பது வருஷம் போதும் சார், வெட்டி விட்டுடணும்" என்றார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விவாகரத்து ஆகிவிட்டால் அவர் போன பிறகு வரும் குடும்ப பென்ஷன் உங்களுக்குக் கிடையாது. நீதிமன்றம் மூலம் பிரிந்து மட்டும் வாழ்ந்தால் நீங்கள் இன்னும் மனைவிதான், அந்த உரிமை போகாது. ஜீவனாம்சம் கேட்க விவாகரத்தே வேண்டாம், பழைய 125ஆம் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது, அதில் கேட்கலாம். வீடு அவர் பேரில் இருந்தாலும், மனைவியாக இருக்கிறவரை 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. எல்லாம் சொல்லி முடித்தபோது எனக்கே ஒரு திருப்தி, ஓர் அம்மாளைக் காப்பாற்றிவிட்டேன் என்று. அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார். "எல்லாம் புரிஞ்சுக்கிட்டேன் சார். அந்த மனுஷன் செத்தப்புறம் வர்ற காசுக்காக அவரு பொண்டாட்டியா இருக்கணுமா? எனக்கு டைவர்ஸ்தான் வேணும். மொத்தமா ஒரு தொகை கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்க" என்றார். தெரிந்துகொண்டு எடுத்த முடிவு. அந்தச் சட்டத் தன்னார்வலரிடம் நானே அழைத்துக்கொண்டு போய் விட்டேன். வழக்கு நடக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் உண்டு. 1963இல் கல்யாணம் செய்த விமானப்படை அதிகாரி ஒருவர். 1984இல் அவருக்கு மெட்ராஸுக்கு மாற்றலானது, மனைவி கூட வரவில்லை. 1996இல் விவாகரத்து கேட்டார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தபோது அவருக்கு வயது 89, மனைவிக்கு 82. விவாகரத்தானவள் என்ற பெயரோடு சாக விருப்பமில்லை என்று அந்த அம்மாள் சொன்னார், நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊர் அம்மாளிடம் இதைச் சொன்னேன். "அவங்க இஷ்டம்" என்றார்.

வயதானவர்கள் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை என்றால், மகன் தனியே கிளம்பிவிட, மருமகளும் மாமியார் மாமனாரும் ஒரே கூரைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். உடனே யாராவது, '2007ஆம் வருஷத்து முதியோர் சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், ஒரு மாதத்தில் காலி பண்ண வைத்துவிடலாம்' என்று கிளப்பிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் நல்ல சட்டம். கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்பு வாங்கித் தரும், வக்கீல் வைக்கவே வேண்டாம். ஆனால் மருமகளைத் துரத்துவதற்கென்று அதை எடுக்க முடியாது என்று பெங்களூரு வழக்கு ஒன்றில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பந்தி வீட்டில் இந்த யோசனை ஓடியதை, காபி குடித்த அன்று அவரே சொன்னார். என் மகள் தானாகவே வந்துவிட்டதால் அது நடக்கவில்லை.

சரி, நான் கேட்க வந்தது ஒன்றுதான். மகள் கோர்ட் வாசலை மிதிக்க ஆறு மாதம் யோசிப்பாள். அவளைப் பெற்றவர்கள் பென்ஷன் வாங்குகிற இடத்துக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள். நவம்பர் வந்தால் உயிரோடு இருக்கிறோம் என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்கத் தலைமைத் தபால் நிலையத்தில் வரிசை நிற்கும். 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே ஆரம்பம். இப்போது போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செல்போனில் முடித்துக் கொடுக்கிறார். ஆனாலும் பலர் நேரில்தான் வருகிறோம், யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அந்த வரிசையில் பேசுவது முக்கால்வாசி மூட்டுவலி. மீதி, வீட்டுக்குத் திரும்பி வந்த மகள், தனியே போய்விட்ட மருமகள், பார்க்க விடாத பேரன்.

அந்த ஒரு மாதம் மட்டும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு தன்னார்வலர் தபால் நிலையத்தில் வந்து உட்காரட்டும். செலவு அதிகம் ஆகாது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, தமிழில் ஒரு தாள். பெண்களுக்கு இலவச வக்கீல், 15100 என்ற இலவச எண், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து, மகள் பெயர் குடும்ப விவரத்தில் என்று ஏழெட்டு வரி போதும். மாநில அரசுப் பென்ஷனர்கள் நேர்காணலுக்கு வரும் கருவூலத்திலும் இதைச் செய்யலாம். ஆணைக்குழுவுக்கும் அஞ்சல் துறைக்கும் நான் தனித்தனியே எழுதியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் வரலாம்.

இடம் இல்லை என்று சொல்வார்கள். நான் வேலை பார்த்த ஆபீஸில் பழைய மணியார்டர் கவுன்டர் காலியாகத்தான் கிடக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டி எடுத்து, மேசையைத் துடைத்து வைக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சப் போஸ்ட்மாஸ்டர்,
திருவாரூர் மாவட்டம்.

(மகளுக்காக என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முகவரி உங்கள் பார்வைக்குத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.)